கண்ணாடிக்கு முன்னால் கேட்ட உதவி

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் மத்தியானச் சாப்பாட்டைக் கழிவறைக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாளாம். வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி ஒருத்தி, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பார்லர் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்ன செய்தி இது. அவளுக்குச் சொன்னது அவள் வீட்டு மாடியில் குடியிருப்பவள். மாடிக்காரிக்குச் சொன்னது அங்கே படிக்கும் அவளுடைய மகன். அவனும் கண்ணால் பார்த்தவனில்லை. பெண்கள் பக்கத்துக் கழிவறையில் நடப்பதை அவன் எங்கே போய்ப் பார்ப்பான்? யாரோ சொல்ல யாரோ கேட்டதுதான். அந்தப் பெண் உள்ளே போய்த் தாழ் போட்டதும் வெளியே நாலைந்து பேர் கூடி நின்று கதவைத் தட்டி, சாப்பாடு ருசியாக இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் போடவா என்று பந்தி விசாரிப்பார்களாம்.

"எங்க காலத்துல சடையப் பிடிச்சு இழுப்பாங்க, அதோட சரி. இதுங்க என்னடான்னா ரூம் போட்டு யோசிக்குதுங்க," என்றாள் வங்கிக்காரி.

நுரையக்கா சிரித்தாள். கையில் சீப்பு, வாயில் இரண்டு கிளிப்பு. கிளிப்பு கீழே விழுந்துவிடாமல் சிரிக்கிற ஒரு சிரிப்பு அவளுக்குக் கைவந்திருந்தது. "பசங்கன்னா அப்படித்தாங்க," என்று பல்லிடுக்கில் சொல்லி, கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்து இன்னொரு தடவையும் சிரித்து வைத்தாள்.

அது அவளுடைய தொழில். நாற்காலியில் இருப்பவரோடு எதிர்ப்பேச்சு பேசக்கூடாது என்பது முதலாளியம்மா முதல் நாளே போட்ட சட்டம். மழை வரும் என்றால் வரும். வராது என்றால் வராது. மருமகள் சரியில்லை என்று மாமியார் சொன்னால் ஆமாம். அடுத்த வாரம் அதே நாற்காலியில் அந்த மருமகளே வந்து உட்கார்ந்து மாமியாரைத் திட்டினால் அதற்கும் ஆமாம். இத்தனை வருஷத்தில் நுரையக்காவின் தலை ஆடி ஆடி, வீட்டில் டிவி செய்தி வாசிப்பவருக்குக்கூட ஆடும் என்று அவள் கணவன் கேலி செய்வான்.

நுரையக்கா என்ற பெயரும் கடையில் வைத்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தரையில் விழும் முடியைக் கூட்டி அள்ளுவதுதான் அவள் வேலை. ஒருநாள் ஆள் குறைவாக இருக்கிறது என்று தலை அலசச் சொன்னார்கள். அவள் ஷாம்புவை உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்க்க, நுரை பொங்கித் தொட்டியைத் தாண்டித் தரையில் வழிந்தது. "ஏம்மா, தல அலசச் சொன்னா கம்பளி துவைக்கிறியே," என்றாள் முதலாளியம்மா. கடையே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் வாய்நிறைய அக்கா போட்டுக் கூப்பிட்டார்கள். அவள் கைக்கென்றே காத்திருந்து வருகிறவர்களும் இருந்தார்கள். அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவளுக்கு ஒரே மகள். அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. முன்பெல்லாம் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். உலர்ந்த துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டே ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவாள். முதலாளியம்மா மூக்கால் பேசுவது, வங்கிக்காரி ஒரு வாக்கியத்தில் மூன்று முறை மூச்சு வாங்குவது, எல்லாம் அச்சு அசலாக வரும். முதலாளியம்மாவே ஒருமுறை உள்ளறையில் தன் குரல் கேட்டுத் திகைத்து நின்றுவிட்டாள். போன வருஷம் ஒரு கட்டத்தில் அந்தப் பெண் கடைக்கு வருவதை நிறுத்தினாள். குரல்களையும் நிறுத்தினாள். வயசு வந்துவிட்டது, வெட்கம் வந்துவிட்டது என்று தாய் எடுத்துக்கொண்டாள். கூடவே மகளுக்குப் பொறுப்பும் வந்துவிட்டதாக நினைத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் தாயிடம் தராமல் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறாளே. அதைக் கடையில் நாலு பேரிடம் சொல்லிப் பூரித்துப் போனாள்.

முடி மட்டும்தான் ஓயாத தொல்லை. பார்லர் வேலை பார்ப்பவள் வீட்டுக்கு ஊரார் முடியெல்லாம் கூடவே வரும். காலுறையில் இருக்கும், கழுத்துப்பட்டியில் இருக்கும், படுக்கையில் குத்தும். மகளின் புத்தகப் பையிலும் பாவாடை மடிப்பிலும் பொடிப்பொடியாக முடி கிடைக்கும்போதெல்லாம் நுரையக்கா தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். வீட்டுக்குள் நுழையுமுன் மாடிப்படியில் நின்று உடுப்பை உதறுவாள். கீழ்வீட்டுக்காரர், படியெல்லாம் முடியாக இருக்கிறது, வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். அதன்பிறகு குளித்துவிட்டுத்தான் மகளின் பக்கத்தில் போய் உட்காருவாள். அப்படியும் முடி வந்துகொண்டுதான் இருந்தது.

ஒருநாள் மகள் காய்ச்சலோடு பள்ளியிலிருந்து வந்து பையைப் போட்ட இடத்திலேயே சுருண்டு படுத்துவிட்டாள். டப்பாவைக் கழுவ எழவில்லை. நுரையக்கா அதை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். திறந்தாள். காலையில் வைத்த ரொட்டியும் முட்டையும் வைத்த மேனிக்கு இருந்தன. அவற்றின் மேல் முடி. உதிர்ந்து விழுந்த முடியல்ல. கைப்பிடியாக அள்ளித் தூவிய முடி. கறுப்பு, நரை, நடுவில் செம்பட்டைச் சாயம் ஏறிய துணுக்குகள். அந்தச் சாயத்தை அந்த வாரம் கலக்கியது அவளேதான்.

அப்போதும் முதலில் அவளுக்குத் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. பிறகுதான் மூடியைப் பார்த்தாள். தண்ணீர்கூடப் புகாத ரப்பர் வளையம் போட்ட மூடி.

மகளை எழுப்பிக் கேட்டாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அது உன் துணியிலேருந்து வந்ததில்லம்மா. கடைக்குப் பின்னாடி மூட்ட கட்டி வைப்பீங்கல்ல. அதுலேருந்து எடுத்துட்டு வராங்க."

யார் என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். நாலைந்து பேர்; எல்லாரையும் கூட்டி வருகிறவள், ஊரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டரம்மாவின் மகள். வகுப்பில் இவளுக்குப் பெயர் நுரை. உட்காரும் பெஞ்சில் சோப்புத் தண்ணீர், பாட்டிலில் ஷாம்பு, பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அலசிட்டுப் போகவா?" என்று கேட்பது. ஒரு வருஷமாக.

"அப்ப எங்கதான்டி உக்காந்து சாப்பிடற?" என்றாள் தாய்.

"அதான் உனக்குத் தெரியுமே. கடையில சொன்னாங்களாமே. நீ சிரிச்சியாமே."

வங்கிக்காரி மாடிக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்: பார்லரில் சொன்னேன், அந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று. மாடிக்காரி மகன் வழியாக அது பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுவரை நடந்த வேடிக்கைகளிலேயே பெரிய வேடிக்கை அதுதான் என்று வகுப்பில் எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது.

"எனக்கு அது நீன்னு தெரியாதுடி கண்ணு. சத்தியமாத் தெரியாது."

"நானில்லன்னா சிரிக்கலாமா?"

பிறகு மகள் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான்: கடையில் யாருக்கும் இது தெரியக்கூடாது. தாய் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து உதவி தேடி அலைய ஆரம்பித்தாள். கணவன் குளிர்பதன லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிடச் சாலையில் இருப்பதுதான் அதிகம். போனில் கேட்டுவிட்டுக் கொதித்தான். வந்து பள்ளிக்கூடத்தையே ஒரு கை பார்க்கிறேன் என்றான். வந்தான், அலுப்பில் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினான், விழித்தபோது அடுத்த சுமைக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது மகளின் தோளைத் தட்டி, திருப்பி ஒரு அறை கொடு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பெண் தன் கையைப் பார்த்தாள். அறைவதற்கான கையாக அது அவளுக்குத் தெரியவில்லை.

வகுப்பு டீச்சர் நல்ல மாதிரிதான். நுரையக்காவை உட்காரவைத்துப் பேசினாள். பிள்ளைகள் அப்படித்தான் விளையாடுவார்கள், உங்கள் பெண்ணும் கொஞ்சம் கலகலப்பாக எல்லாரோடும் ஒட்டிப் பழக வேண்டும் என்றாள். கலகலப்பா? ஒரு கடையையே தன் குரலால் சிரிக்க வைத்த பெண்ணைப் பற்றியா பேசுகிறாள் என்று தாய் நினைத்தாள். ஆனால் தலை தன்பாட்டில் ஆமாம் போட்டது. துணைத் தலைமையாசிரியர் சாட்சி கேட்டார். நடைக்கூடத்தில் கேமரா இருக்கிறது, கழிவறையில் வைக்க முடியாதே அம்மா, என்ன செய்ய என்று அவரும் வருத்தப்பட்டார். ஆனாலும் சும்மா விடவில்லை. பள்ளி முழுக்க அன்பு வாரம் என்று ஒன்று நடத்தினார். சுவரொட்டி எழுதி ஒட்டினார்கள். சக மாணவரை மதிப்போம் என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். பல் டாக்டரம்மாவின் மகளுக்கு முதல் பரிசு. கேட்டவர்கள் கண்கலங்கினார்களாம்.

பள்ளிக்கு வாரம் ஒருநாள் வந்துபோகும் ஆலோசகர் ஒருத்தி இருந்தாள். மூன்று பள்ளிகளுக்கு அவள் ஒருத்திதான். அவளுக்குக் கொடுத்திருந்த அறையில் பாதியைப் பந்துகளும் வலைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. அவள் பேச்சில் உண்மையான இரக்கம் இருந்தது. பெண் தானாக வந்து தன் வாயால் சொல்ல வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்றாள். மகளைக் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிவைத்தாள் தாய். மகள் போனாள், பந்துகளுக்கு எதிரே உட்கார்ந்தாள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தாள். மறுநாளே வகுப்பில் கேள்வி வந்தது: பைத்தியத்துக்கு வைத்தியம் ஆரம்பித்தாயிற்றா என்று. இரண்டாம் தடவை அவள் போகவில்லை.

பிள்ளைகளுக்கான உதவி எண் ஒன்றையும் பேருந்து நிறுத்தத்தில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து அழைத்தாள். வெகுநேரம் இசை ஓடியது. பிறகு ஒரு மென்மையான குரல் வந்தது. மகள் இப்போது பத்திரமாக இருக்கிறாளா என்று முதலில் விசாரித்தது அந்தக் குரல்தான். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நுரையக்கா அழுதுவிட்டாள். குரல் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு பள்ளியோடு தொடர்ந்து பேசுங்கள், நடப்பதைப் பதிந்து வையுங்கள், மகளைக் குறை சொல்லாமல் கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றது. அடுத்த முறை கூப்பிட்டபோது எடுத்தது வேறு குரல். ஆதியிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் அவளுக்கே களைத்துவிட்டது.

இதற்குள் மகள் மத்தியானம் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். டப்பாவை எடுத்துப் போகமாட்டேன் என்றாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டியதாயிற்று. பள்ளிக்குப் போ என்றால் போனாள். வா என்றால் வந்தாள். பேசினால் ம், இல்லை, தெரியாது. இந்த மூன்றைத் தவிர நாலாவது வார்த்தை அவளிடமிருந்து வருவது குதிரைக்கொம்பாயிற்று.

இந்த நிலையில்தான் நுரையக்காவுக்குத் தான் நம்பிய ஒரே இடம் நினைவுக்கு வந்தது. அந்த நாற்காலி. இந்த ஊரில் அவளுக்கு நடந்த நல்லதெல்லாம் அங்கிருந்து நடந்ததுதான். குடியிருக்கும் வீடு ஒரு வாடிக்கையாளர் மூலம் கிடைத்தது. கணவனுக்கு லாரி வேலை இன்னொருவர் மூலம். பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தவள்கூட இங்கே தலைக்குச் சாயம் போட வருகிறவள்தான். மேஜைக்கு எதிரே உட்கார்ந்தால் விறைப்பாக இருக்கும் மனுஷி, தொட்டியில் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடி, வெதுவெதுப்பான தண்ணீர் மண்டையில் இறங்கினால் இளகிவிடுவாள் என்பது நுரையக்காவின் அனுபவம். கேட்டதற்கு இல்லை என்று சொல்ல அப்போது யாருக்கும் மனசு வராது. அவளுக்குத் தெரிந்த சிபாரிசு இது ஒன்றுதான்.

பல் டாக்டரம்மாவும் அவளுடைய வாடிக்கைதான். நரை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வருவாள்.

செய்து கொடுத்த சத்தியம் உறுத்தாமல் இல்லை. கடையில் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே மகள் கேட்டாள், டாக்டரம்மா கடைக்காரி இல்லையே, தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு காதுக்கு மட்டும்தானே சொல்லப்போகிறோம் என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்தாள். சாயம் ஊறியது. தொட்டிக்கு வந்து சாய்ந்தாள். கண்கள் மூடின. நுரையக்கா தண்ணீரைக் கையில் விட்டுப் பார்த்து, பதம் சரியென்றதும் மெல்ல ஊற்றியபடி, தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தியின் கதையாக ஆரம்பித்தாள். டப்பாவையும் முடியையும் கழிவறையையும் சொன்னாள்.

"ஐயோ பாவமே," என்றாள் டாக்டரம்மா கண்ணைத் திறக்காமல். "பெத்தவங்களுக்குத் தெரியாதாமா?"

"தெரியாமதாங்க இருந்துச்சு. என் பொண்ணுதாங்க அது."

நுரையக்கா கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்லத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும். "உங்க பாப்பாவும் அந்தக் கூட்டத்துல இருக்காங்கன்னு சொல்றாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். பாப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

டாக்டரம்மா கண்ணைத் திறந்து, தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நுரையக்கா பயந்தாள். வரவில்லை. டாக்டரம்மாவின் கண்ணோரத்தில் ஈரம்கூடத் தெரிந்தது, ஷாம்பு பட்டதாகவும் இருக்கலாம். "நான் பேசறேன். இத நான் பாத்துக்கறேன். நீங்க கவலைய விடுங்க," என்றாள். எழுந்து போகும்போது நுரையக்காவின் ஈரக் கையைப் பிடித்து அழுத்திவிட்டும் போனாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நுரையக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்த பிறகு தெரிந்தால் போதும் என்றிருந்தாள்.

டாக்டரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதுதான் வினையாயிற்று. செய்வதைத் திருந்தச் செய்கிறவள் அவள். கடை நிறைய ஆட்கள் இருந்த ஒரு விடுமுறை மத்தியானத்தில், மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூன்று நாற்காலியிலும் தலைகள். காத்திருக்கும் சோபாவில் வங்கிக்காரி.

"அக்காகிட்ட சொல்லு," என்றாள்.

அந்தப் பெண் ஒழுங்காகப் பின்னிய தலையோடு, பேச்சுப் போட்டிக் குரலில், "உங்க பொண்ணோட டப்பால முடி போட்டது நாங்கதான் ஆன்ட்டி. சாரி. இனிமே செய்யமாட்டோம்," என்றது. கத்திரிச் சத்தம் நின்றது. முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். வங்கிக்காரியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

மகளுக்குக் கொடுத்த வாக்கு நடுக்கூடத்தில் உடைந்து கிடந்தது. அந்த நேரத்தில் ஒரு தாய் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் பிறகு பலவிதமாக யோசித்துப் பார்த்தாள். அப்போது வாயில் வந்தது வழக்கமாக வருவதுதான்:

"பரவால்ல கண்ணு."

டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. காரியம் நல்லபடியாக முடிந்த திருப்தியில், வந்ததுதான் வந்தோம், நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள் என்று மகளை அப்போதுதான் காலியான நாற்காலியில் உட்காரவைத்தாள். முதலாளியம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். நுரையக்கா பின்னலை அவிழ்த்தாள். சீவினாள். நல்ல அடர்த்தியான முடி. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பாதியில் அந்தப் பெண் போனைத் தூக்கிக் கண்ணாடியைப் படம் பிடித்தது. நாற்காலியில் இருப்பவர் போனைத் தூக்கினால் பின்னால் நிற்பவள் குனிந்து சிரிக்க வேண்டும்; கடைக்கு அது விளம்பரம். நுரையக்கா குனிந்து சிரித்தாள்.

எல்லாரும் போன பிறகு முதலாளியம்மா, வீட்டு விஷயத்தைத் தொட்டிக்குக் கொண்டுவராதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பித்தாள். நுரையக்காவின் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு பேசாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் படத்தை நுரையக்காவுக்குக் காட்டியவள் வங்கிக்காரி. பிரியத்தோடுதான் காட்டினாள். மாடிக்காரி அனுப்பியிருந்தாளாம். "எவ்வளவு லட்சணமா விழுந்திருக்கீங்க பாருங்கக்கா," என்றாள். படத்தில் அந்தப் பெண் உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் இரண்டு கையையும் வைத்து, பல் தெரியச் சிரித்தபடி நுரையக்கா. கீழே, நுரையோட அம்மா எங்க பக்கம், என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வகுப்பே கூடிச் சிரித்திருந்தது. வங்கிக்காரி படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மகள் மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தாய் மூச்சு வாங்க நின்றாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"பாத்துட்டேன்," என்றாள் மகள். பென்சிலை வைக்கவில்லை. "நல்லா வெட்டியிருக்க."

தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னென்னவோ சொன்னாள். உனக்காகத்தான் கேட்டேன் என்றாள். வேறு யாரிடம் போவேன் என்றாள். வேலையை விட்டுவிடுகிறேன், பள்ளியை மாற்றிவிடலாம், ஊரையே மாற்றிவிடலாம் என்றாள். மகள் ஒவ்வொன்றுக்கும் ம் போட்டாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று தான் போடும் அதே ஆமாம் தான் இது என்பது தாய்க்குத் திடீரென்று பிடிபட்டது. தன் பெண் தன்னிடம் எதிர்ப்பேச்சு பேசுவதையும் விட்டுவிட்டாள். அழுதால் தேவலை, கத்தினால் தேவலை, தட்டை எடுத்து எறிந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலையில் மகள் குளித்து, சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். டப்பா வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். அன்றைக்கு வீட்டிலேயே இரு என்று சொல்லத் தாய்க்கு நாக்கு நுனி வரை வந்தது. பள்ளியிலிருந்து ஒரேயடியாக ஒதுங்கிவிடுவாளோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டாள். மகள் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஓடவுமில்லை, தயங்கவுமில்லை.

கடையில் அன்று நல்ல கூட்டம். நுரையக்கா ஒரு வயதான அம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். பாதித் தலை முடிந்திருந்தது. போன் அதிர்ந்தது. பள்ளியிலிருந்து தானாக வரும் தகவல்: உங்கள் பிள்ளை இன்று வருகை தரவில்லை.

கத்திரியை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். காலையிலிருந்தே வரவில்லை என்றார்கள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம் என்றார்கள். கணவனைக் கூப்பிட்டாள். அவன் எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தான். வண்டியை ஓரம் கட்டுகிறேன், நீ முதலில் அவளைக் கூப்பிடு என்றான். அவன் குரல் நடுங்கி அவள் கேட்டதேயில்லை. கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கச் சொன்னாள். அவர் முனகாமல் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறதம்மா என்றார்.

"நீ வெளியில போய்ப் பேசு. இவங்கள நான் பாத்துக்கறேன்," என்றாள் முதலாளியம்மா, கத்திரியைத் தேடி எடுத்துக்கொண்டே. நாற்காலியில் இருந்த அம்மா கண்ணாடி வழியாக, என்ன ஆச்சு, யாருக்கு என்ன என்று கேட்டாள்.

நுரையக்கா கடை வாசலில் வந்து நின்றாள். எதிர்ச்சாரியில் பேருந்து ஒன்று நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. சீருடையில் யாரும் இல்லை. மகளின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். போன் அணைக்கப்பட்டிருக்கவில்லை. மணி போனது.

இது ஒன்றும் புதிதில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அவள் தாயின் அழைப்பை எடுப்பதில்லை. பையின் அடியில் கிடக்கும், சத்தம் குறைத்து வைத்திருப்பாள், எங்காவது பூங்காவில் உட்கார்ந்திருப்பாள், எடுக்கப் பிடிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டிருந்தாலும் போதும். எடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்தாள். ஒன்றும் சொல்லக்கூடாது, அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும், திட்டினால் முழுசாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மணி கடைசிவரை போய் நின்றது. மறுபடி அழுத்தினாள். உள்ளே முடி உலர்த்தும் இயந்திரம் இரைந்தது. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, போனை மற்றக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது.